லேவியராகமத்தில் நின்றுபோன வாசிப்பு

ஓராண்டில் வேதாகமம் (பைபிள்) முழுவதையும் வாசிக்கும் திட்டத்தில் உங்களுக்கு விட்டுப்போன 23 நாள் பகுதிகளை அப்படியே விட்டுவிட்டு, இன்றைக்குரிய பகுதியை மட்டும் வாசியுங்கள். முதல் நூலான ஆதியாகமத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம்.

காரைக்குடியில் மளிகைக் கடை வைத்திருப்பதாகவும், இரவில் கணக்கு முடித்த பிறகே வேதம் வாசிப்பதாகவும், ஆண்டுதோறும் மூன்றாம் நூலான லேவியராகமத்திலேயே நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வேதத்தின் 1189 அதிகாரங்களை ஓர் ஆண்டில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசிக்க வேண்டும்; பேரேட்டை மூடிய கையோடு வேதத்தைத் திறந்தால் அதுவும் நிலுவைக் கணக்காகத்தான் தெரியும். (பற்று வரவு நம் ஊர்க்காரர்களுக்கு இரத்தத்தில் ஊறியதாயிற்றே.) சோர்வுக்குக் காரணம் விசுவாசக் குறைவன்று, அந்த நேரம்தான் என்று நினைக்கிறேன்.

நாளைக் காலை கடை திறக்குமுன் திண்ணையில் அமர்ந்து லேவியராகமத்தின் 19ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துப் பாருங்கள். கூலியாளின் கூலி விடியும்வரை உங்களிடம் தங்கக்கூடாது என்கிறது 13ஆம் வசனம். 36ஆம் வசனமோ தராசு, நிறைகல், மரக்கால், படி என்று உங்கள் கடைச் சாமான்களையே பெயர் சொல்லி அடுக்குகிறது. அன்றைக்கே செய்யத்தக்க ஒன்று அதில் அகப்பட்டால், நேரத்தை மாற்றியது சரியென்று கொள்ளுங்கள்.

ஆனால் பலிகளைப் பற்றிய முதல் 7 அதிகாரங்கள் இவ்வளவு நேராகப் பேசமாட்டா; அவற்றை அந்தப் பலிகளை விளக்கும் புதிய ஏற்பாட்டு நிருபமான எபிரெயரின் 9, 10 அதிகாரங்களோடு சேர்த்து, பின்னொரு நாள் நிதானமாக வாசிக்கலாம்.