ஹெம்ப் பொட்டலத்தில் பூநுனி இருந்ததா?

கேள்வி: கஞ்சாச் செடி இனமான ஹெம்ப்பின் நாரில் செய்த பைகளையும் ஹெம்ப் விதை எண்ணெயையும் விற்று வருகிறேன். உத்தராகண்டில் உரிமம் பெற்ற விவசாயி ஒருவரிடமிருந்து மூலிகைத் தேநீருக்காக 6 கிலோ உலர்ந்த இலை வரவழைத்தேன். கூரியர் கிடங்கில் பொட்டலத்தைப் பிரித்த அதிகாரிகள், இலையோடு பூவும் கலந்திருப்பதாகச் சொல்லி, எனக்குத் தெரிவிக்காமலேயே பறிமுதல் செய்துவிட்டு, என்னை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். பல நூற்றாண்டுகளாகக் கயிறும் துணியும் காகிதமும் தந்த செடி இது. போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருள் 0.3 விழுக்காட்டுக்கும் குறைவு என்ற சான்றிதழும் வைத்திருக்கிறேன். முதலீட்டைத் திருப்பிக் கேட்ட கூட்டாளிதான் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். நேரில் போய் விளக்கினால் போதுமா?

பதில்: நீங்கள் சொல்லும் வரலாறு உண்மை. கப்பல்களின் வடமும் பாய்த்துணியும் நெடுங்காலம் இந்த நாரிலும் செய்யப்பட்டன. பாய்த்துணிக்கு வழங்கும் கேன்வாஸ் என்ற பெயரே இந்தச் செடியின் தாவரப் பெயரான கன்னாபிஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. சட்டமும் இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. நாருக்காகவும் விதைக்காகவும் மட்டும் பயிரிடுவதை போதைப்பொருள் பற்றிய 1961-ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்தது. நமது 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவும், அரசு ஆணையின் பேரில் அத்தகைய சாகுபடிக்கு வழிவிடுகிறது. ஆகவே செடியின் பெருமையை எடுத்துச் சொல்வதால் உங்கள் வழக்கில் எதுவும் மாறப்போவதில்லை. கூட்டாளி காட்டிக்கொடுத்தாரா என்பதும் அப்படியே. பொட்டலத்தில் பூநுனி இருந்ததா என்ற ஒரே கேள்வியில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது.

சட்டத்தின் 2-ஆவது பிரிவு, கன்னாபிஸ் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதியைக் கஞ்சா என்கிறது. நுனிப்பகுதியோடு சேராத இலைக்கும் விதைக்கும் அது விலக்கு அளிக்கிறது. சேர்ந்திருந்தால் அந்த விலக்கு கிடையாது. அந்த வரையறையில் டி.எச்.சி. அளவு பற்றி ஒரு சொல்லும் இல்லை. கன்னாபிஸ் பேரினத்தைச் சேர்ந்த எந்தச் செடியானாலும் ஒன்றுதான். நீங்கள் நம்பியிருக்கும் 0.3 விழுக்காடு என்பது உத்தராகண்ட் போன்ற மாநிலங்கள் சாகுபடி உரிமத்துக்கு விதிக்கும் நிபந்தனை. விவசாயியின் உரிமம் அவருடைய வயலைக் காக்கும். பல மாநிலங்களைக் கடந்து உங்கள் பெயருக்கு வந்த பூநுனியைக் காக்காது. பூவே இல்லை, வெறும் இலைதான் என்று ஆய்வறிக்கை வந்தாலும், மாநில மதுவிலக்குச் சட்டமோ கலால் சட்டமோ இலையையும் தொடுகிறதா என்று பார்த்தாக வேண்டும். உங்கள் பைகளும் விதை எண்ணெயும் வேறு வகை. ஹெம்ப் விதையையும் விதை எண்ணெயையும் உணவாக விற்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் தரவிதி வகுத்திருக்கிறது. அந்த விதி உங்கள் தேநீர் இலைக்குப் பொருந்தாது.

அடுத்தது எடை. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோவுக்குக் குறைவானது. வணிக அளவு 20 கிலோவுக்கு மேற்பட்டது. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பொட்டலத்தில் பூ, உதாரணமாக, 200 கிராம்தான் இருந்தது என்று நீங்கள் சொல்லலாம். இலையோடு கலந்து கிடந்த 6 கிலோவும் கஞ்சாவே என்று அரசுத் தரப்பு சொல்லும். கலவையில் போதைப்பொருள் அல்லாத பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் தீர்ப்பளித்திருப்பதால், இந்த வாதத்தை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. இருந்தாலும், 52ஏ பிரிவின்படி நீதித்துறை நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்கும்போது இலையும் பூநுனியும் தனித்தனியே பிரித்து எடை போடப்பட்டனவா என்பதை உங்கள் வழக்கறிஞர் கண்காணித்து, பிரிக்கவில்லையென்றால் அன்றே எழுத்தில் ஆட்சேபம் பதிய வேண்டும். ஆறு மாதம் கழித்து எழுப்பும் ஆட்சேபத்துக்கு வலு இருக்காது. பறிமுதலின்போது உங்களை அழைக்கவில்லை என்பதைப் பெரிய குறையாக எழுதியிருக்கிறீர்கள். நடுவர் அல்லது உயர் அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமையைத் தரும் 50-ஆவது பிரிவின் பாதுகாப்பு உடல் சோதனைக்கு மட்டுமே உரியது. பொட்டலத்துக்கு அது இல்லை.

இப்போது நான் அஞ்சுவதைச் சொல்கிறேன். உங்களைப் போன்ற நேர்மையான வியாபாரிகள் இந்தச் சட்டத்தில் சிக்குவது பெரும்பாலும் சரக்கால் அல்ல, விளக்கத்தால். பொட்டலம் கூரியர் நிறுவனத்தின் கையில் இருந்தது. அது உங்களுடையது, உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்புதான் முதலில் நிறுவ வேண்டும். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு நிரூபித்த பிறகே தெரிந்தே செய்தார் என்ற சட்ட அனுமானம் குற்றம் சாட்டப்பட்டவரின் மேல் ஏறும் என்று நூர் ஆகா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. நீங்களோ நேரில் போய், நான்தான் வரவழைத்தேன், கொஞ்சம் பூ கலந்திருக்கும் என்பது தெரியும், ஆனால் அது போதை தராத ரகம் என்று விளக்கப் போகிறீர்கள். அரசுத் தரப்பு சுமக்க வேண்டிய பாரத்தை நீங்களே தூக்கித் தோளில் வைத்துக்கொள்வது அது. 67-ஆவது பிரிவின் கீழ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்த முடியாது என்று தோஃபான் சிங் வழக்கில் 2020-இல் தீர்ப்பானது உண்மைதான். ஆனால் அந்தப் பேச்சின் தொடர்ச்சியாக நீங்கள் நீட்டும் கைப்பேசியும், அதில் விவசாயியோடு நடந்த உரையாடலும், பணம் அனுப்பிய விவரமும் தனிச் சான்றாக நிற்கும். அதற்காக அவற்றை அழித்துவிடாதீர்கள். அழித்தால் அது தனிக் குற்றமாகும்.

கூட்டாளியின் பணத்தைக் கொடுத்து முடியுங்கள். உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும், கொஞ்சம் இழப்பு வந்தாலும் முடியுங்கள். உங்கள் வியாபாரத்தை உள்ளிருந்து அறிந்த ஒருவர் பகையோடு சாட்சிக் கூண்டில் ஏறுவதை நான் விரும்பவில்லை. அந்தக் கணக்கு, வழக்கறிஞர் மூலமாகவும் வங்கி வழியாகவும் தீரட்டும். உடன்பாட்டுப் பத்திரத்தில் இந்தக் குற்ற வழக்கைப் பற்றி ஒரு வரியும் இருக்கக் கூடாது. வாய்வார்த்தையாகவும் பேச வேண்டாம். சாட்சியை விலைக்கு வாங்கினீர்கள் என்ற பெயர் வந்துவிட்டால் ஜாமீனே கைநழுவும். இந்தச் சட்டத்தின் குற்றங்களில் சமரசத்துக்கு இடமில்லை என்பதால், காவல் தரப்பில் பேசி முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அழைப்பாணையைப் புறக்கணிக்க வேண்டாம். குறித்த நாளுக்கு முன்பே முன்ஜாமீன் மனுவைப் போடுங்கள்; வணிக அளவு இல்லாததால் ஜாமீனுக்கு 37-ஆவது பிரிவு விதிக்கும் கடுமையான தடை உங்கள் மனுவுக்குக் குறுக்கே வராது. முன்பு வரவழைத்த இலையில் மீதி இருந்தால் அதை எரிக்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ கூடாது. அதைப் பற்றி விசாரணை அதிகாரியிடம் வாய் திறப்பதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடம் முழுமையாகச் சொல்லுங்கள். அடுத்த பொட்டலத்துக்கு ஆர்டர் கொடுத்திருந்தால் இன்றே ரத்து செய்யுங்கள்.