ஸ்பானிஷில் நலம் விசாரிக்க ஆங்கிலம் வழியாகப் போக வேண்டாம்

கேள்வி: 'குட் மார்னிங்', 'ஹவ் ஆர் யூ', 'வாட் இஸ் யுவர் நேம்' போன்ற அன்றாட ஆங்கில வாக்கியங்களை ஸ்பானிஷில் எப்படிச் சொல்வது?

சொல்கிறேன். ஆனால் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு, தமிழில் எப்படிக் கேட்பீர்கள் என்று முதலில் யோசியுங்கள். இந்த வாக்கியங்களைப் பொறுத்தவரை அதுதான் நேர்வழி.

காரணம், ஆங்கில 'யூ' யாரைப் பார்த்துப் பேசுகிறோம் என்று காட்டாது. ஸ்பானிஷில் நம்மைப் போலவே நீயும் உண்டு, நீங்களும் உண்டு. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். நண்பரிடம் 'கோமோ எஸ்தாஸ்?', பெரியவரிடமோ அதிகாரியிடமோ 'கோமோ எஸ்தா?' முதலாவது எப்படி இருக்கிறாய், இரண்டாவது எப்படி இருக்கிறீர்கள். பெயர் கேட்கவும் அப்படியே: 'கோமோ தே யாமாஸ்?', மரியாதையாக 'கோமோ சே யாமா?' தூ, உஸ்தேத் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. வருகிறேன், வருகிறாய் என்பதில் போல, ஆள் யார் என்பது வினையின் கடைசியிலேயே தெரிந்துவிடும். பதிலுக்கு 'மே யாமோ' என்று சொல்லி உங்கள் பெயரைச் சேருங்கள்.

வயதில்தான் ஆங்கிலம் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. 'ஐ ஆம்' என்பதை நம்பி 'சோய்' என்று தொடங்கிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் 'தெங்கோ பெயின்தே ஆஞோஸ்', அதாவது என்னிடம் 20 ஆண்டுகள் உண்டு. எனக்கு 20 வயது என்று சொல்லும் நமக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தெரியாது. கேட்பது 'குவாந்தோஸ் ஆஞோஸ் தியேனேஸ்?' இதில் வரும் ஞ ஒலியைத் தயவுசெய்து 'ன' ஆக்கிவிடாதீர்கள். ஆசனவாயைக் குறிக்கும் சொல்லாகிவிடும்.

'சோய்' வேண்டிய இடம் ஊர். 'தே தோந்தே எரேஸ்?' என்று கேட்டால் 'சோய் தே' சொல்லி ஊர்ப் பெயர். நலத்துக்கு அது ஆகாது. 'எஸ்தோய் பியென்' என்றால்தான் நன்றாக இருக்கிறேன்.

வணக்கங்கள் சுலபம். எந்த நேரமும் 'ஓலா'. காலையில் 'புவேனோஸ் தீஆஸ்', பிற்பகலில் 'புவேனாஸ் தார்தேஸ்', இரவில் 'புவேனாஸ் நோச்செஸ்'. கடைசியை விடைபெறும்போது மட்டும் அல்ல, இரவில் ஒருவரைப் பார்த்ததுமே சொல்லலாம். ஸ்பெயினில் மதியச் சாப்பாடு முடியும்வரை பலருக்கும் தீஆஸ்தான்! அறிமுகம் ஆனதும் 'முச்சோ குஸ்தோ'. 'என்காந்தாதோ' என்றும் சொல்லலாம். சொல்பவர் பெண்ணானால் 'என்காந்தாதா'.

உச்சரிப்பில் ஒன்று மட்டும். நான் 'த' போட்ட இடங்களில் ஆங்கிலப் பழக்கத்தில் 'ட' போடாதீர்கள். நம் 'த'தான் அங்கே பொருந்தும்.

அப்புறம், நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தூவுக்குப் பதில் 'வோஸ்'. அங்கே 'தே தோந்தே சோஸ்?' என்பார்கள். கொலம்பியாவின் சில பகுதிகளில் வீட்டுக்குள்ளேயே உஸ்தேத் புழங்கும். அதற்காக எல்லாவற்றையும் இப்போதே படிக்க வேண்டாம். தூ, உஸ்தேத் இரண்டும் எல்லா இடத்திலும் புரியும். எதைச் சொல்வதென்று சந்தேகமானால் உஸ்தேத்தில் தொடங்குங்கள். நெருக்கம் விரும்புகிறவர் 'தூதேஆமே' என்பார். நீ என்றே கூப்பிடு என்று அர்த்தம். அதன் பிறகு தாராளமாக மாறிக்கொள்ளலாம்.