இரவில் எழுப்பும் நாரிநோவும் முள்ளந்தண்டுக் கட்டிகளும்

கேள்வி: 16 வயது மகனுக்கு இரவில்தான் முதுகுவலி. வலிக்குளிசை போட்டதும் அடங்குகிறது. இப்போது முதுகும் ஒருபக்கம் வளைந்திருக்கிறது. பள்ளிக்கூடப் பையினாலா? (தாய், நிலாவெளி)

பையை விடுங்கள், அம்மா. நீங்கள் சொல்வதைப் பார்த்தால், ஆஸ்டியோயிட் ஆஸ்டியோமா இருக்கிறதா என்று தேட வேண்டும். 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட சின்னக் கட்டி, புற்றுநோய் அல்ல. எக்ஸ்ரேயில் தப்பிவிடும், சி.டி. ஸ்கேன் கேளுங்கள். பல பேருக்கு ஊசி வழியாகச் சூடேற்றியே கட்டியை அழித்துவிடலாம். காலம் தாழ்த்தாவிட்டால் வளைவும் பெரும்பாலும் நிமிரும். தயவுசெய்து எண்ணெய் போட்டு நெட்டி முறிக்க விடாதீர்கள்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஹீமாஞ்சியோமா என்று இருக்கிறது. (கிண்ணியா)

பயம் வேண்டாம். ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு முள்ளந்தண்டில் இருக்கும் இரத்தக்குழாய்த் திரள் அது. கால் பலம் குறைந்தால் மட்டும் உடனே வாருங்கள்.

கேள்வி: அப்பாவின் திரிக எலும்பில் (முள்ளந்தண்டின் அடியில் இருக்கும் எலும்பு) கோர்டோமா. கொழும்பில் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்தன. சிறுநீர் தானாகப் போவதில்லை. திரும்பக் கரைவலை இழுப்பாரா? (மகள், மூதூர்)

பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவருக்கு வரும் எலும்புப் புற்றுநோய் இது, மகள். மெல்ல வளர்வதால் வெறும் நாரிநோ என்றே வருடங்கள் போய்விடும். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் அந்த எலும்புக்குள்ளால் போகின்றன. கட்டியை முழுசாக எடுக்கச் சிலவற்றை வெட்ட நேரும். எவை மிஞ்சின என்று சத்திரசிகிச்சை வைத்தியரிடம் கேளுங்கள். அந்த எலும்பின் நரம்புச் சோடிகளில் இரண்டாம் சோடி முழுதும், மூன்றாம் சோடியில் ஒரு நரம்பாவதும் இருந்தால் கட்டுப்பாடு திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இல்லாவிட்டாலும், நேரத்துக்கு நேரம் சுத்தமான குழாயைத் தானே போட்டு எடுக்க அப்பா பழகலாம். நிரந்தரக் குழாயைவிடத் தொற்றுக் குறைவு.

கதிர்வீச்சுப் பட்ட தோல் மெதுவாகத்தான் ஆறும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள், காயத்தைத் தினமும் பாருங்கள். கிளினிக்குக்கு பஸ்ஸில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம். வான் வண்டியில் சரிந்து படுத்தபடி போகட்டும். கரைவலை வேண்டாம் என்பதே என் எண்ணம். பிசியோதெரபிக்குப் பிறகு, மெத்தை வைத்து இடையிடையே எழுந்து நடந்து, கிழிந்த வலை தைக்கலாம். கோர்டோமா பத்து வருடம் கழித்தும் திரும்பலாம், ஸ்கேனை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பயொப்சி (ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) செய்தால் கட்டி பரவும் என்கிறார்களே? (உப்புவெளி)

அந்தப் பயத்தில் தள்ளிப்போடாதீர்கள். முள்ளந்தண்டுக் காசநோயும் ஸ்கேனில் கட்டி போலவே தெரியலாம், எது என்று பிரித்தறியத்தான் பயொப்சி. காசநோய் என்றால் மருந்தே பெரும்பாலும் போதும். ஆனால் கோர்டோமாவில் ஊசி போன பாதையில் உயிரணுக்கள் தங்கக்கூடும் என்பது உண்மை. அதனால் அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் ஊசி போக வேண்டும். பிறகு சத்திரசிகிச்சை செய்யப்போகும் வைத்தியர் அந்த இடத்தைத் தீர்மானித்துவிட்டாரா என்று ஊசிக்கு முன்பே கேளுங்கள்.