கவனம் நிற்கவே மாட்டேன் என்கிறதா? கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பல வருடமாக ஆறு மணி நேரத் தூக்கம்தான். பழகிவிட்டது, பகலில் அசதியும் இல்லை. அப்புறம் ஏன் வேலையில் கவனப் பிழைகள் வருகின்றன மேடம்?

அசதி தெரியாமல் இருப்பதில்தான் சிக்கலே. 2003-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலரை இரண்டு வாரம் தினமும் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். நாளுக்கு நாள் கவனம் சரிந்து, கடைசியில் இரவெல்லாம் கண் விழித்தவர்களின் நிலைக்கே வந்துவிட்டது. ஆனால் அவர்களிடம் கேட்டால், "கொஞ்சம் தூக்கக் கலக்கம், அவ்வளவுதான்" என்கிற அளவில்தான் சொன்னார்கள். தூக்கம் குறையும்போது, அது குறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறனும் சேர்ந்தே மழுங்குகிறது. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரம் வேண்டும். இரண்டு வாரம் அப்படித் தூங்கிப் பாருங்கள். மற்ற பழக்கங்களைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.

கேள்வி: மாலையில் காபி குடித்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது. நிறுத்தத்தான் வேண்டுமா?

விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். தூக்கம் சொக்குவதற்கு அது முக்கியக் காரணம். காஃபீன் அதை அழிப்பதில்லை, அது போய் ஒட்டும் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். படுத்ததும் தூங்கிவிடுவீர்கள், சரி. ஆழ்ந்த தூக்கம் குறைவதும் நடுவில் விழிப்பு தட்டுவதும் உங்களுக்குத் தெரியாமலே நடக்கலாம். கடைசிக் காபியை மதியத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் மூன்று நான்கு வேலைகளைப் பார்க்கிறேன். மாலைக்குள் மண்டை காய்ந்துவிடுகிறது. இதற்குப் பயிற்சி ஏதும் உண்டா?

யோசிக்க வேண்டிய வேலைகளை யாராலும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறோம், ஒவ்வொரு தாவலுக்கும் நேரம் செலவாகிறது. முடிக்காமல் விட்ட வேலையின் நினைப்பு அடுத்த வேலைக்குள்ளும் தொடர்ந்து வரும் என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-ல் ஆய்வு செய்து எழுதினார்.

எனவே பயிற்சியைவிடத் தாவலைக் குறைப்பதுதான் வழி. பாதியில் எழ வேண்டி வந்தால், எங்கே நிறுத்தினீர்கள், திரும்பி வந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரே வரி எழுதிவைத்துவிட்டுப் போங்கள். அலைபேசிக்கு வரும் செய்திகளைப் பார்க்க நாளில் சில நேரங்களை ஒதுக்குங்கள். மற்ற நேரத்தில் அலைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். கை நீட்டினால் எடுக்கிற தூரத்தில் இருந்தால் எடுத்துவிடுவோம், நானும்தான்.

கேள்வி: படுத்தால் நாளைய வேலைகள் வரிசையாக மனதில் ஓடுகின்றன.

காகிதத்தில் இறக்கிவையுங்கள். பேய்லர் பல்கலைக்கழகத்தின் 2018 ஆய்வில், படுக்கும் முன் ஐந்து நிமிடம் இனி செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கினார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத வழி. பொதுவாக எழுதாமல், எதை எப்போது செய்வது என்று விவரமாக எழுதுங்கள்.

கேள்வி: மூளைக்கான விளையாட்டுச் செயலிகள் உதவுமா?

அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவீர்கள். அந்தத் திறமை அன்றாட வேலைக்கும் வரும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். இப்படிப்பட்ட செயலியை விற்கும் லுமோசிட்டி நிறுவனம் ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் குற்றம்சாட்ட, அந்த நிறுவனம் 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கை முடித்துக்கொண்டது. விளையாட்டுக்குச் செலவிடும் நேரத்தில் வேகமாக நடந்துவிட்டு வாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது.

கேள்வி: பாட்டு கேட்டுக்கொண்டே படிக்கலாமா?

வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். படிக்கிற சொல்லும் கேட்கிற சொல்லும் முட்டிக்கொள்ளும். கை வேலைக்கு எந்தப் பாட்டும் போடலாம்.

கேள்வி: தூக்கம், நடை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சில மாதங்களாக மந்தமாகவே இருக்கிறது, சொற்கள் சட்டென்று வாயில் வருவதில்லை. இன்னும் என்ன செய்வது?

இனி பழக்கங்களை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு மூன்றிலும் இப்படி ஆகலாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சைவ உணவு மட்டும் சாப்பிடுபவர்களும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களும் பி12 அளவைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும். பலத்த குறட்டை உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எட்டு மணி நேரம் படுத்தும் பயனில்லை. மனச்சோர்வும் பல சமயம் கவனக் குறைவாகத்தான் முதலில் வெளிப்படும். சளிக்கும் அலர்ஜிக்கும் எடுக்கிற சில மாத்திரைகள்கூட மந்தத்தைத் தரும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆனால் திடீரென்று பேச்சு குழறினாலோ, ஒரு பக்கக் கை கால் பலவீனமானாலோ, அது வேறு விஷயம். அன்றைக்கே, அந்த நிமிடமே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.