காட்டுச் செடியில் நஞ்சுள்ளதை எப்படி இனங்காண்பது? முன்னோர் மருந்துக்கு எடுத்ததை நாமும் எடுக்கலாமா?

எல்லா நச்சுச் செடிக்கும் பொருந்துகிற பொது அடையாளம் கிடையாது. "குரங்கு தின்றால் நாங்களும் தின்னலாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். எட்டிப்பழத்தின் சதையைக் குரங்கு தின்னும். உள்ளே விதையில் இருப்பது ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு. ஒவ்வொரு செடியாகப் பார்த்துப் பழகத்தான் வேணும்.

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் முதலில் பழக வேண்டியது கார்த்திகைப்பூக் கொடி. மாரி தொடங்க வேலியோரமும் பற்றைகளிலும் படரும். பூத்து நின்றால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பூவில்லாத நேரம் இலை நுனியைப் பாருங்கள்: ஒடுங்கிய இலை, நுனி சுருளாக நீண்டு பக்கத்துக் கொப்பைப் பிடித்திருக்கும். நாங்கள் கிழங்கெடுத்துத் தின்னும் காட்டு வள்ளிக்கு அந்தச் சுருள் இல்லை; இலை அகன்று இதய வடிவில் இருக்கும், தண்டே சுற்றி ஏறும்.

கோடையில்தான் எனக்குப் பயம். கொடி பட்டுப்போய்க் கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும். முழுக்கிழங்கு கலப்பை போல வளைந்திருக்கும், கலப்பைக்கிழங்கு என்பதும் அதனால்தான். உடைந்த துண்டில் அந்த வடிவம் தெரியாது. கொடியையும் இலையையும் காணாத கிழங்கை உலையில் போடாதீர்கள். கார்த்திகைப்பூக் கிழங்கிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது. சில மணித்தியாலத்தில் வாந்தி, வயிற்றோட்டம். பிழைத்தவருக்கும் பிறகு தலைமயிர் கொட்டும்.

இதே கிழங்கு சித்த வைத்தியத்தில் மருந்துதான். ஆனால் நஞ்சைக் குறைக்கும் சுத்தி செய்யாமல் பரியாரிமார் அதைத் தொடுவதில்லை. ஆங்கில மருத்துவத்திலும் கொல்கிசின் உண்டு, 0.5 மில்லிகிராம் குளிசையாக. வீட்டில் அரைக்கிற கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று யார் அளப்பது?

ஊமத்தையும் அப்படித்தான். மூச்சிழுப்புக்கு (ஆஸ்துமா) அதன் காய்ந்த இலைப் புகையைப் பிடித்தார்கள். இன்று காணொளிகளில் சாறு குடிக்கச் சொல்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். கண்மணி விரிந்து, வாய் வறண்டு, ஆள் பிதற்றத் தொடங்குவார். தட்டார் பொன் நிறுத்த குண்டுமணியை முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். கடித்து உடைத்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகள் கோத்து விளையாடும் இடத்தில் கவனம்.

யாராவது தின்றுவிட்டால் புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் என்று நேரத்தைப் போக்காமல் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். மிச்சக் கிழங்கையோ ஒரு கொப்பையோ கையோடு கொண்டுபோங்கள். எந்த நஞ்சு என்று தெரிந்தால் டொக்டருக்குப் பாதி வேலை குறையும்.