நேப்பிள்ஸில் ஒரே நாள்: செவ்வாய்க்கிழமை வேண்டாம்

வணக்கம். முழங்கால் வலியுள்ள தாயாருடன் வரும் செவ்வாய்க்கிழமை ஒரு நாள் மட்டும் இத்தாலியின் நேப்பிள்ஸில் இருப்பதாகவும், சான்செவேரோ சிற்றாலயத்தில் உள்ள துகில் போர்த்திய கிறிஸ்து சிலையையும் தொல்லியல் அருங்காட்சியகத்தையும் பார்க்க விரும்புவதாகவும் எழுதியிருந்தீர்கள். சிற்றாலயம், அருங்காட்சியகம் இரண்டிற்கும் செவ்வாய்க்கிழமைதான் வார விடுமுறை என்பதால், இயன்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளி வையுங்கள். 1753இல் சிற்பி சான்மார்த்தினோ செதுக்கிய அச்சிலையில், உடலோடு ஒரே பளிங்கில் வடித்த மெல்லிய துணியின் அடியில் நெற்றி நரம்பு புடைத்துத் தெரிவதை நேரில்தான் காண வேண்டும். நுழைவுச்சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். தேதியை மாற்ற இயலாவிடில், வண்ண ஓடு பதித்த தூண்கள் நிற்கும் சாந்தா கியாரா மடத்து முற்றத்தைப் பாருங்கள். மடத்தை ஒட்டிய ஸ்பக்காநாப்போலித் தெருவின் கருங்கல் தளம் மேடுபள்ளமானது (குறுகிய சந்திலும் ஸ்கூட்டர் புகுந்து வரும்!) என்பதால் தாயாரை அதிகம் நடக்கவிடாமல், தொலேதோ தெருவருகே புறப்படும் மலை ரயிலில் வொமேரோ குன்றுக்கு ஏறிவிடுங்கள்.