பிள்ளைகளோடு கோடைப் பயணம்: வாசகர் கேள்விகள்

பல ஆண்டுகள் சாரணியர் முகாம் நடத்திய, பணி ஓய்வுபெற்ற ஆசிரியை பதிலளிக்கிறார்.

கேள்வி: எங்கள் தெருவில் 10 முதல் 15 வயது வரை இருபது பிள்ளைகள். மே மாதம் இரண்டு நாள் எங்காவது அழைத்துப் போக ஆசை. ஊட்டி, கொடைக்கானல் கட்டுப்படியாகாது. எங்கே போகலாம்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: ஏலகிரிக்குப் போங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேறு எடுக்க வேண்டியிருக்கிறது. மே மாத நெரிசலில் பிள்ளைகளின் பாதி நாள் வேனுக்குள்ளேயே போய்விடும். ஏலகிரிக்கு ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து மலையேற வேனோ பஸ்ஸோ போதும்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள், வள்ளல்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே ஒருவருக்கோ இருவருக்கோ ஒரு பெயராகப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். பாரி வளைவு வரும்போது பாரியின் கதையை அதற்குரிய பிள்ளை எழுந்து சொல்லட்டும். வாந்தி வரும் பிள்ளைகளை முன் ஸீட்டில் ஜன்னலோரம் உட்கார வையுங்கள். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்க வேண்டாம். பூரி கூடவே கூடாது.

மேலே புங்கனூர் ஏரியில் படகு விடலாம், எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்ட பிறகு. ஜலகாம்பாறை அருவியை நம்பிப் போகாதீர்கள், கோடையில் வறண்டு கிடக்கும். சுவாமிமலை ஏற நினைத்தால் வனத்துறையிடம் கேட்டு அனுமதியோடு ஏறுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா? காய்ந்த புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது மலையடிவாரத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள்.

திரும்பும் நாள் சனிக்கிழமையாக அமைந்தால், முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு காவலூர் வானாய்வகத்துக்கும் போய் வாருங்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அவ்வளவு பெரிய கண்ணாடியை நம் ஊரிலேயே பார்த்த பிள்ளை அதை லேசில் மறக்காது.

இருபது பிள்ளைகளுக்கு நான்கு பெரியவர்களாவது வேண்டும், அவர்களில் இரண்டு பேர் பெண்கள். ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். ‘எல்லாரும் பார்த்துக்கொள்கிறோம்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து நாள் முகாமுக்குப் போக மிகவும் ஆசைப்படுகிறாள். ஆனால் எப்போதாவது தூக்கத்தில் படுக்கையை நனைத்துவிடுகிறாள். அனுப்பலாமா?
– வாசகி, நாமக்கல்

பதில்: அனுப்புங்கள் அம்மா. இப்படிப்பட்ட பிள்ளைகள் நான் நடத்திய முகாம்களில் எப்போதும் இருந்தார்கள். அவர்களோடு தங்கப்போகும் ஆசிரியையிடம் மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எழுப்பிக் கழிவறைக்கு அழைத்துப் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும். கறுப்பு நிற நைட்டி இரண்டு, அடியில் விரிக்க ரப்பர் ஷீட் ஒன்று வையுங்கள். யார் முன்னாலும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்று ஆசிரியையிடம் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் நடத்துபவரிடம் கேளுங்கள்: பெண் பிள்ளைகள் தூங்கும் அறையில் எந்தப் பெண் படுக்கிறார்? குளியலறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? பிள்ளை விரும்பினால் வீட்டுக்குப் போன் செய்ய விடுவார்களா? ‘முகாம் முடியும்வரை போன் கிடையாது’ என்பவர்களிடம் நான் என் பிள்ளையை விட மாட்டேன். எதைப் பற்றியும் அம்மாவிடம் சொல்லலாம், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் கூப்பிடலாம் என்று மகளிடமும் சொல்லி அனுப்புங்கள்.

கேள்வி: பையன்களை முக்கொம்புக்கு அழைத்துப் போகிறோம். ஆற்றில் குளிக்க விடலாமா? தண்ணீர் முழங்கால் அளவுதான்.
– இளைஞர் மன்றத்தினர், திருச்சி

பதில்: விடாதீர்கள். மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் தண்ணீருக்கு அடுத்த எட்டிலேயே ஆள் உயரப் பள்ளம் இருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒருவன் முழுகினால் அவனை இழுக்க இன்னொருவன் குதிப்பான். கோடைதோறும் இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்தே போவது இப்படித்தான்.

அவர்களுக்குத் தண்ணீர் ஆசை இருந்தால் பயிற்சியாளர் உள்ள நீச்சல் குளத்தில் கோடை வகுப்பில் சேர்த்துவிடுங்கள். முக்கொம்பில் பூங்காவும் மர நிழலும் போதும், கட்டுச்சோறு கொண்டு போங்கள். குளத்தில் பழகிவிட்டோம் என்று அடுத்த வருஷம் அவர்கள் கேட்டாலும் ஆற்றில் இறக்காதீர்கள். குளத்தில் சுழல் கிடையாது.